மாத்தூர் வட்டாரத்தில் 'கட்': ஒரு வினையியல் ஆய்வு

'கட்' என்னும் ஆங்கிலச் சொல் வடசென்னை மாத்தூரில் தனியாக வெளியே வருவதில்லை. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது என்பது இலக்கணம். ஆகவே ஆகு, பண்ணு, அடி என்று ஏதாவதொரு வினையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். கூட வருவது எது என்பதை வைத்தே குற்றவாளி யாரென்று சொல்லிவிடலாம் என்பது இவ்வாய்வின் துணிபு.

முதலில் கரண்ட். 'கட் ஆயிடுச்சு' என்றால் விதி. எதிர் வரிசையில் மட்டும் ஃபேன் சுற்றுவது கண்ணில் பட்டதும் அதே வாய் 'கட் பண்ணிட்டான்' என்கிறது. அந்த 'ஆன்' விகுதிக்கு உரியவன் யாரென்று எவரும் கேட்பதில்லை. மின்வாரியம் முழுவதும் ஆண்பால் ஒருமையில் அடங்கிவிடுகிறது. கோபத்துக்கும் காரணம் உண்டு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை பக்கத்திலேயே புகைந்தது. அத்திப்பட்டு நிலையத்தின் முதலிரு கட்டங்கள் மட்டுமே 1,830 மெகாவாட். சாம்பல் நமக்கு, கரண்ட் ஊருக்கு என்று முணுமுணுத்தபடிதான் 2012இன் தினசரி மின்வெட்டில் இந்தப் பக்கம் விசிறிக்கொண்டிருந்தது.

போனில் எல்லாம் தலைகீழ். அமுக்கியவர் 'கட் ஆயிடுச்சுப்பா' என்பார். அமுக்கப்பட்டவர் 'நீதானே கட் பண்ணே?' என்பார். டவர் இருவருக்கும் பொதுச் சாட்சி.

'அடி' சேர்ந்தால் மகிழ்ச்சி நிச்சயம்: விசில், சைட், காலேஜ் கட். வீட்டுக்குத் தெரிந்தபின் விழும் அடி வேறு வினை.

'வெட்டு' இருக்கிறதே என்பார்கள் தமிழாசிரியர்கள். இருக்கிறது. 'நேத்து நாலு பேரு சேர்ந்து வெட்டினோம்' என்று இங்கே டீக்கடையில் சொல்லிப் பார்க்கட்டும். விளக்கம் ஸ்டேஷனில்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

'கட்டு' இன்னும் சிக்கல். பில்லைக் கட்டினால் கட் இல்லை. கட்டாவிட்டால் கட். கட்டானபின் இணைப்பைத் திரும்பப் பெற மேற்கொண்டும் கட்ட வேண்டும். புணர்ச்சி விதி எதிலும் இதற்கு வழி இல்லை.

எஞ்சியது பெயர்ச்சொல்: கட்டிங். குவார்ட்டர் 180 மில்லி. அதில் பாதி கட்டிங். டாஸ்மாக் அதைத் தனியாக விற்பதில்லை. வாடிக்கையாளரே உற்பத்தி செய்துகொள்கிறார். 'ணா, கட்டிங்?' என்ற ஒரே கேள்வியில் முன்பின் தெரியாத இருவர் பங்காளிகளாகிறார்கள். ஒருவர் ஊற்ற, மற்றவர் இரண்டு பிளாஸ்டிக் டம்ளரையும் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, 'இதுல கொஞ்சம்' என்கிறார். எந்த ஆய்வகத்திலும் இவ்வளவு நேர்மையான அளவையைக் கண்டதில்லை. 2023இல் 90 மில்லி டெட்ரா பாக்கெட் யோசனையைத் துறை அமைச்சரே வெளியிட்டபோது, இந்த உறவுமுறை என்னவாகும் என்று மொழியியலாளர் ஒருவரும் கவலைப்படவில்லை.

சலூன்காரரும் 'கட்டிங்கா?' என்றுதான் கேட்கிறார். அங்கே மட்டும் பங்குக்கு ஆள் தேட வேண்டியதில்லை.