சுட்ட கருவாடும் கிழக்கு வீடும்: ஒரு மூக்கியல் ஆய்வு

தணலில் கருவாட்டைப் போட்டதும் அந்தச் சேதி முதலில் எட்டுவது ஈக்கா, பக்கத்து வீட்டு மதினிக்கா? தமிழாய்வுலகம் கண்டுகொள்ளாமல் விட்ட வினா இது. மீனை நெய்தலுக்கு எழுதிக்கொடுத்த இலக்கணக்காரர்கள், அதே மீன் காய்ந்து கரிசலுக்கு வந்தால் எந்தத் திணையில் சேர்ப்பது என்று சொல்லாமலே போய்விட்டார்கள். அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வெல்லை: மேற்கே அருப்புக்கோட்டை, கிழக்கே திருச்சுழி, நடுவில் கரிசலும் சீமைக்கருவேலமும். கடல் இல்லாத சீமைதான். ஆனாலும் தூத்துக்குடிப் பக்கமிருந்தும் சாயல்குடிப் பக்கமிருந்தும் நெத்திலியும் சாளையும் காய்ந்த கோலத்தில் வந்து சேர்கின்றன. கருவாடு ஐஸ் கேட்பதில்லை. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. சுடுவதற்குக் கருவேல மூட்டத்தில் எடுத்த கரி. ஆய்வுக்கூடம் முழுமை பெற்றது.

முதலில் சரக்கைப் பார்ப்போம். உப்புத்தண்ணீரில் உடம்பு வற்றிப்போகாமலிருக்கக் கடல்மீன் தன் தசையில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்றொன்றைச் சேர்த்து வைத்திருக்கும். அதற்கு வாசம் கிடையாது. மீன் செத்தபிறகு பாக்டீரியா அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, ட்ரைமெத்திலமீன் மிஞ்சும். நாம் மீன்வாடை என்பதில் பெரும்பங்கு இதுதான். இதன் கொதிநிலை ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தாலே பாதி ரகசியம் போய்விடும். மீதியைத் தணல் துரத்திவிடும்.

அடுத்து ஈ. அதற்கு மூக்கு, உணர்கொம்பு. ஆய்வாளர்கள் பழ ஈயை வைத்துத்தான் இதை நோண்டினார்கள். 1999-இல் அதன் மணமேற்பி மரபணுக்கள் அகப்படத் தொடங்கின; மொத்தம் சுமார் 60. 2009-இல் வேறொரு ஏற்பிக் குடும்பமும் அகப்பட்டது. அமோனியாவையும் அமீன்களையும் மோப்பம் பிடிக்கும் வேலை இந்த இரண்டாவது கூட்டத்துக்கு. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குணம்: ஏற்பியேதான் வாயில். மூலக்கூறு வந்து தொட்டதும் வாயில் திறக்கும், அயனிகள் பாயும், நரம்புக்குச் சேதி போய்விடும். இடையில் யாரும் இல்லை.

மதினியின் மூக்கு அப்படியல்ல. அது தாலுகா ஆபீஸ். மனுவை வாங்குகிற ஏற்பிக்குக் கதவைத் திறக்கும் அதிகாரம் கிடையாது. அது ஜி-புரதத்திடம் தள்ளும். அது ஒரு நொதியின் மேசைக்கு அனுப்பும். அங்கே சைக்ளிக் ஏ.எம்.பி. என்று நகல்கள் கட்டுக்கட்டாக அச்சாகும். நகல் கைக்கு வந்தபின்தான் இன்னொருவர் எழுந்துபோய்க் கதவைத் திறப்பார். தாமதம் உண்டு, ஆனால் ஒரு சின்ன மனு பெரிய விவகாரமாக வளர்ந்துவிடும். பாலூட்டிகளின் இந்த ஏற்பிக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 1991-இல் வெளியிட்டு 2004-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். மனிதருக்கு வேலைசெய்கிற மணமேற்பி வகைகள் சுமார் 400. ஆப்பிரிக்க யானைக்குச் சுமார் 2000. யானை கருவாடு தின்னாதது நம் அதிர்ஷ்டம்.

கருவாட்டுக்கென்று தனி இலாகாவும் உண்டு. 2006-இல் லிபர்லெஸ் என்பவரும் அதே லிண்டா பக்கும் சுண்டெலி மூக்கில் காட்டிய டி.ஏ.ஏ.ஆர். என்ற சிறு குடும்பத்தில் ஐந்தாம் எண் ஏற்பி ட்ரைமெத்திலமீனுக்காகவே உட்கார்ந்திருக்கிறது. நமக்கும் அது இருக்கிறது. ஐஸ்லாந்தில் சிலருக்கு இந்த ஏற்பியின் மரபணு சற்றே மாறியிருப்பதாக 2020-இல் ஓர் ஆய்வு கண்டது. மீன்வாடையை முகரக் கொடுத்தால் அவர்களில் சிலர் கேரமல் என்றார்கள், சிலர் ரோஜா என்றார்கள். வாடகைக்கு வீடு தேடும் அசைவக்காரர்கள் வீட்டுக்காரரின் ஐந்தாம் எண்ணை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இனி தீர்ப்பு. ஈயின் நரம்பு சில மில்லிவிநாடிகளில் விழித்துக்கொள்கிறது. மதினியின் தாலுகா ஆபீஸுக்கு நூறு மில்லிவிநாடிக்கு மேலும் ஆகலாம். எனவே ஈயே முதல் என்று அவசரப்பட்டு எழுதிவிடக்கூடாது. காற்று விநாடிக்கு 2 மீட்டர் நகர்ந்தால், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அடுப்படிக்கு வாசம் போய்ச்சேர 5 விநாடி. அந்த 5 விநாடிக்கு முன்னால் ஏற்பிகளின் வேக வித்தியாசம் எந்த மூலைக்கு? மூக்கு எந்த இனத்தது என்பதைவிட எந்தத் திசையில் இருக்கிறது என்பதே முக்கியம். ஆனி, ஆடியில் இங்கே மேற்கிலிருந்து வீசும் மேகாத்து. கிழக்கு வீட்டு மதினிதான் கிண்ணத்தோடு வருவார். "என்ன கொழுந்தனாரே, சாளையா?" என்று மீனின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். வகைபிரித்தலில் ஈ இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

எதிர்ப்புரை ஒன்று எழலாம்: சுடாமல் குழம்பு வைத்தால்? நியாயம்தான். அமீன் காரம், புளி அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பாகிக் குழம்பிலேயே தங்கிவிடும், காற்றில் ஏறாது. கருவாட்டுக் குழம்பில் கைநிறையப் புளி கரைத்தவர்கள் வேதியியல் படித்தார்களோ இல்லையோ, அக்கம்பக்கத்தைப் படித்திருந்தார்கள். ஆனால் புளிக்கு முன்னால் கருவாட்டை எண்ணெயில் வதக்குகிற கட்டம் ஒன்று உண்டு. மதினிக்கு அது போதும்.

மேற்கு வீட்டுப் பெரியப்பாவுக்கு இந்த ஆய்வில் இடமே இல்லையா என்றால், உண்டு. ஐப்பசி கடந்து வடகிழக்கு வாடைக்காற்று திரும்பியதும் வாசம் அவர் பக்கம்தான் போகும். ஆனால் கார்த்திகை பிறந்ததும் அவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுகிறார்.