பறக்கத் தெரிந்தது, திரும்பத் தெரியவில்லை

ரைட் சகோதரர்கள் தொழிலால் சைக்கிள் கடைக்காரர்கள். டேட்டன் நகரத்தில் சக்கரம் விற்ற காசில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. அப்படிப்பட்ட இருவரும் 1903-இல் ஒரு விமானம் செய்தார்கள். அதில் சக்கரம் வைக்கவில்லை! அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான். கிட்டி ஹாக் மணலில் சக்கரம் புதைந்துவிடும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். நியாயம்தான். ஆனாலும் விளைவைப் பாருங்கள்: முதல் விமானத்துக்கு ஆகாயத்தில் போகத் தெரிந்தது, தரையில் ஒரு முழம் இடப்பக்கம் ஒதுங்கத் தெரியவில்லை.

இதைச் சமாளிக்க 60 அடிக்கு ஒரு தண்டவாளம் போட்டார்கள். மரச்சட்டம், மேலே உலோகத் தகடு, செலவு சுமார் நான்கு டாலர். அதன்மேல் ஒரு சின்னத் தள்ளுவண்டி, தள்ளுவண்டியின்மேல் விமானம். டிசம்பர் 17 அன்று தம்பி ஆர்வில் குப்புறப் படுத்துக்கொண்டார். அண்ணன் வில்பர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். 12 வினாடி, 120 அடி. பேர் தம்பிக்கு, மூச்சிரைப்பு அண்ணனுக்கு. நம் குடும்பங்களில் பார்க்காததா?

அடுத்த வருஷம் டேட்டன் பக்கத்திலிருந்த ஹஃப்மன் புல்வெளிக்கு வந்தார்கள். தண்டவாளமும் கூடவே வந்தது. காற்று எதிரே இருந்தால்தான் கிளம்ப முடியும். காற்றோ சொல்பேச்சு கேட்காது. அது திசை மாறும்போதெல்லாம், திரும்பத் தெரியாத விமானத்துக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துத் திருப்பிப் போட்டார்கள். தங்கள் விமானத்துக்குச் சக்கரம் மாட்ட அந்த சைக்கிள் கடைக்காரர்களுக்கு 1910 வரை மனசு வரவில்லை.

கிட்டி ஹாக்குக்கு ஒன்பது நாள் முன்பு, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெரிய மனிதர் சாமுவேல் லாங்லியின் விமானம் ஒரு படகு வீட்டின் கூரையிலிருந்து கவண் வைத்து எய்யப்பட்டது. எய்த வேகத்தில் நேராகப் பொட்டோமாக் ஆற்றுக்குள் போயிற்று. தரையில் எப்படித் திருப்புவது என்ற தலைவலியே அவருக்கு வரவில்லை. பாரிஸில் சான்டோஸ்-டூமான் மட்டும் 1906-இல் மரியாதையாகச் சக்கரம் வைத்து, சொந்தக் காலில் உருண்டு, 220 மீட்டர் பறந்து காட்டினார். இதைப் பிரேசில்காரர்களிடம் பேச்சுக்குக்கூட எடுக்காதீர்கள். முதலில் பறந்தவர் யார் என்று விடியும் வரை விளக்குவார்கள்.

சக்கரம் வந்தது, சரி. பிரேக்? அதற்கு யாருக்கும் அவசரமில்லை. முதல் உலகப் போரின் புகழ்பெற்ற சண்டை விமானம் சாப்வித் கேமல். அதன் இன்ஜின் முழுசாக, சிலிண்டர்களோடு சேர்ந்து சுற்றும். வேகத்தை வேண்டிய அளவுக்குக் குறைக்க வழியில்லை. பொத்தானை அமுக்கினால் பொறி நின்று இன்ஜின் செத்துப்போகும், விட்டால் உயிர் வரும். அமுக்கி அமுக்கி விட்டுத்தான் தரையில் நகர வேண்டும். பின்னால் வாலுக்கு அடியில் ஒரு கட்டை புல்லைக் கீறிக்கொண்டே வரும். பிரேக் என்று இருந்தது அதுதான். திருப்ப வேண்டுமானால் வால் சுக்கானில் காற்று பட வேண்டும். காற்று பட இன்ஜினை முடுக்க வேண்டும். முடுக்கினால் வேகம் கூடும். அதாவது, முட்டாமல் திரும்ப வேண்டுமென்றால் முட்டப்போகும் பக்கம் இன்னும் வேகமாகப் போக வேண்டும்.

ஆகவே ஆளைக் கூப்பிட்டார்கள். இறக்கை நுனிக்கு ஒரு மெக்கானிக் நின்று, பிடித்து, இழுத்து, திருப்பி விடுவார். பிரதி உபகாரமாக இன்ஜின் விளக்கெண்ணெயைப் புகையாகவும் துளியாகவும் விசிறும். அந்தக் கால இன்ஜின்களுக்கு மசகு அதுதான். விமானிகள் அதைப் பறக்கும் நேரம் முழுக்கச் சுவாசித்தார்கள். விளக்கெண்ணெய் உள்ளே போனால் என்ன வேலை செய்யும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சிக்கலைப் பாடத்திட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆவோர் போன்ற பயிற்சி முகாம்களில் புதுப் பையன்களுக்கு முதலில் கொடுத்தது ‘பெங்குவின்’. இறக்கையைக் கத்தரித்த ப்ளேரியோ விமானம், தலைகீழாக நின்றாலும் பறக்காது. மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நேர்கோட்டில் ஓட்டிக் காட்டு, அப்புறம் ஆகாயத்தைப் பற்றிப் பேசலாம் என்பது விதி. வீர மரணத்துக்குத் தயாராக அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த இளைஞர்கள் புல்வெளியில் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது. வால் தரையில் படும் விமானத்தில் இரண்டு பெரிய சக்கரங்களும் முன்னால் இருக்கும், எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால் இருக்கும். மூக்கு லேசாகத் திரும்பினால் போதும், கட்சியின் பின்வரிசைப் பிரமுகர் மாதிரி அந்த எடை முன்னால் வரத் துடிக்கும். வால் மூக்கைத் துரத்தும். விமானம் நின்ற இடத்தில் வட்டமடித்து இறக்கையை முறித்துக்கொள்ளும்.

அடுத்த யுத்தத்துக்குள் பிரேக் வந்துவிட்டது. ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தில் கைப்பிடியிலேயே பிரேக் நெம்புகோல். அதை அமுக்கிக்கொண்டு எந்தக் கால் மிதியைத் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்துச் சக்கரம் பிடிக்கும், விமானம் திரும்பும். நல்ல ஏற்பாடு. என்ன, விமானிக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. எதிரே முழுவதும் மூக்குதான். இடப்பக்கம் வளைத்து எட்டிப் பார்த்து, வலப்பக்கம் வளைத்து எட்டிப் பார்த்துத்தான் ஓடுபாதைக்குப் போக வேண்டும். நிதானமாகவும் போக முடியாது, தரையில் தாமதித்தால் இன்ஜின் கொதித்துவிடும். அவசரத்தில் பிரேக்கை அழுத்தினால் வால் தூக்கி மூக்கு தரையில் குத்தும்.

பலத்த காற்று நாட்களில் இதற்குப் பிரிட்டிஷ் விமானப்படை கண்டுபிடித்த உயர் தொழில்நுட்பம்: வாலின்மேல் ஓர் ஆளை உட்காரவைப்பது. ஓடுபாதை முனை வந்ததும் அவர் குதித்துவிட வேண்டும். 1945 பிப்ரவரியில் ஹிபால்ட்ஸ்டோ தளத்தில் மார்கரெட் ஹார்ட்டன் என்ற பெண் பணியாளர் வாலில் இருந்தார். அவர் இறங்குவதற்குள் விமானி நீல் காக்ஸ் கிளப்பிவிட்டார். ஹார்ட்டன் வாலைக் கட்டிப்பிடித்தபடி ஒரு சுற்றுப் பறந்து, உயிரோடு தரையிறங்கினார். ஆர்வில் ரைட்டாவது நல்ல நாள் பார்த்து, விரும்பிப் படுத்தார். இந்த அம்மையாரை யாரும் கேட்கவே இல்லை. ஏபி 910 என்ற அந்த விமானத்தைப் பத்திரமாகப் பாதுகாத்து இன்றும் விழாக்களில் பறக்கவிடுகிறார்கள். வாலில் யாரையும் ஏற்றுவதில்லை.

இதற்கிடையில் ஃப்ரெட் வீக் என்ற பொறியாளருக்கு ஒரு சந்தேகம். காரை ஓட்டுவதுபோலவே விமானத்தையும் தரையில் ஓட்டினால் குடியா முழுகிப்போகும்? அவருடைய எர்கூப் 1940-இல் அங்கீகாரம் பெற்றது. மூக்கில் ஒரு சக்கரம், கையில் ஸ்டியரிங், மிதியே கிடையாது. கையைத் திருப்பினால் விமானம் திரும்பும். 1945-இல் மேசிஸ் கடையில், சட்டை துணிமணி விற்ற அதே கூரையின் கீழ், அதையும் விற்றார்கள். ஐயாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டன. ஆனால் அந்த வழி வழக்கமாகவில்லை. இன்றும் செஸ்னாவில் முதல் நாள் உட்காரும் மாணவன் கைச்சக்கரத்தை ஆசையாகத் திருப்புவான். தரையில் அது எதையும் திருப்பாது. கால்தான் திருப்பும். அவன் வலப்பக்கம் வளைத்துக்கொண்டே இடப்பக்கப் புல்லுக்குள் போவான்.

போயிங் 747-இல் பிரச்சினை மூன்று மாடி உயரத்துக்குப் போயிற்று. விமானியின் இருக்கை மூக்குச் சக்கரத்துக்கும் முன்னால். வளைவு வந்ததும் திருப்பினால் பின் சக்கரங்கள் புல்லில் இறங்கும். வளைவைத் தாண்டி, புல்லின் மேலேயே தான் மிதப்பதைப் பார்த்த பிறகுதான் திருப்ப வேண்டும். நடு வயிற்றுச் சக்கரங்கள் வேறு, மூக்குக்கு எதிர்ப்பக்கம் திரும்பி உதவும். இதற்கெல்லாம் பழக, தலைமைச் சோதனை விமானி ஜாக் வாடெல் பெயரில் ‘வாடெல்லின் வண்டி’ செய்தார்கள். ஒரு லாரி, அதன்மேல் உயரமான சாரம், உச்சியில் பொய் விமானி அறை. மேலே இருப்பவர் ரேடியோவில் சொல்லச் சொல்ல, கீழே லாரி டிரைவர் ஸ்டியரிங்கைச் சுற்றினார். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான அது 1969 பிப்ரவரி 9 அன்று முதன்முறையாகப் பறந்தது. அதைத் தரையில் திருப்பும் கலை அதற்கு முன்பே லாரிக்காரருக்குக் கைவந்துவிட்டது.

இப்போது கேப்டனின் கைப்பக்கத்தில் மூக்குச் சக்கரத்தைத் திருப்ப டில்லர் என்ற சின்னப் பிடி இருக்கிறது. ஆனாலும் முனையத்தை ஒட்டி நிற்கும் விமானத்தைப் பின்னால் எடுக்க, குள்ளமாய் ஒரு டிராக்டர்தான் வர வேண்டும். தள்ளுவதற்கு முன் தரைப் பணியாளர் மூக்குச் சக்கரத்தில் ஓர் ஊசியைச் செருகுவார். செருகியதும் கேப்டனின் டில்லர் செல்லாது. தள்ளி, திருப்பி, நிறுத்தியபின் ஊசியை உருவி, அதில் தொங்கும் சிவப்பு நாடாவோடு உயர்த்திக் காட்டுவார். நான்கு தங்கப்பட்டை போட்ட கேப்டன் மேலேயிருந்து அதைப் பார்த்து, கையசைத்து, பவ்யமாக ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டி அவருடையது.