ரேடியோ உத்தியோகம்

அமெரிக்காவில் டெட்ராயிட் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் குடியேறி, மோட்டார்க் கம்பெனிகளின் கணினிகளைக் கட்டி மேய்த்துக் காலக்ஷேபம் செய்யும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளியில் அடியெடுத்து வைத்ததும், மிருதங்கமும் பரதநாட்டியமும் பயின்றது போதாதென்று, ரோபோ செய்யும் குழு ஒன்றிலும் சேர்ந்துவிடுவது இப்பொழுது ஏறக்குறைய சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-இல் ஆரம்பித்த ‘ஃபர்ஸ்ட்’ என்னும் ஸ்தாபனம், 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் 28 குழுக்களை வைத்து நடத்திய பந்தயம், இன்று பல தேசங்களில் ஆயிரக்கணக்கான குழுக்களாகப் பெருகியிருக்கிறது. அதில் மற்ற மாநிலங்களையெல்லாம் விஞ்சி நிற்பது எங்கள் மிஷிகன். மோட்டார் செய்து பழகிய ஊரில் வேறு எது பெருகும்?

என் மகன் சேர்ந்தது 2018-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு. ஜனவரித் தொடக்கத்தில், அவ்வாண்டின் விளையாட்டு இன்னதென்று உலகம் முழுவதற்கும் ஒரே நாளில் அறிவிப்பார்கள். ஆறு வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள், பாட்டரியும் பம்பரும் நீங்கலாக 120 ராத்தலுக்கு மிகாத யந்திரம் ஒன்றைப் பிள்ளைகள் கட்டி முடித்து, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரையிட்டுவிட வேண்டும் என்பது அக்காலத்து விதி. பெரியவர்கள் ஆலோசனை சொல்லலாம். பனிக்காலத்து இரவில் ஒன்பது மணிக்குப் பள்ளியின் பட்டறையில் நின்றுகொண்டு, பதினாறு வயதுப் பிள்ளைகள் கேட்காத ஆலோசனைகளை வழங்கும் அந்தப் பெரியவர்களுக்கு ‘மென்டர்’ என்று பட்டம்.

லேத் பிடிக்கத் தெரிந்தவருக்கு லேத்தும், பற்றவைக்கத் தெரிந்தவருக்கு வெல்டிங்கும், ஒன்றும் தெரியாவிட்டாலும் உரத்த குரல் படைத்தவருக்கு நிர்வாகமும் கிடைத்துவிட்ட பிறகு, எஞ்சி நின்றவன் நான். “அப்பா, நீங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர்தானே பார்க்கறீங்க? ரேடியோவை நீங்களே பார்த்துக்கோங்க” என்றான் என் புத்திரன். சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் எழுதிப் பிழைப்பவனுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள், பெட்டி என் மடியில் இருந்தது.

இந்த ரேடியோ என்பது வேறொன்றுமில்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு வயர்லெஸ் ரவுட்டர். பந்தயக் களத்தின் ஓரத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சுவருக்குப் பின்னால் மடிக்கணினியோடு நிற்கும் ஓட்டுநர் இடும் கட்டளைகள் அத்தனையும் அதன் வழியாகத்தான் யந்திரத்தின் மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் பட்டறையில் அதற்கிருந்த மதிப்பைச் சொன்னால் வருத்தமாக இருக்கும். கை செய்கிறவர்கள், சக்கரம் செய்கிறவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சபையில் ஆசனம் உண்டு. ரேடியோக்காரனை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அது வேலை செய்யும்போது அப்படியொன்று இருப்பதே எவருக்கும் நினைவில்லை. யந்திரம் அசையாமல் நின்றால் மட்டும், அதற்குக் காரணம் சங்கிலி அறுந்ததேயானாலும், பட்டறையிலுள்ள இருபது தலைகளும் ஒருமித்து என் பக்கம் திரும்பும்.

ரவுட்டரை ஆயத்தம் செய்வதற்கென்று அக்காலத்தில் ஒரு புரோகிராம் இருந்தது. அதை இயக்குவதற்கு ஆசார நியமங்கள் இருந்தன. மடிக்கணினியின் சொந்த வைஃபையை முதலில் அணைக்க வேண்டும். பின்பு ஃபயர்வாலை அணைக்க வேண்டும். அன்றைய ரவுட்டரில் வயர் செருகும் துவாரங்கள் இரண்டு. பார்வைக்கு இரட்டைப் பிறவிகளான அவற்றில் மின்சாரம் நுழையும் வாய்க்குப் பக்கத்தில் உள்ளதில்தான் வயரைச் செருக வேண்டும். புதிய மென்பொருளை ஏற்றும்போதோ, மின்சாரம் கொடு என்று புரோகிராம் ஆக்ஞை பிறப்பிக்கும் வரையில் கொடுக்கலாகாது. பிறப்பித்த பின்பு க்ஷணமும் தாமதிக்கலாகாது. இவ்வளவையும் வழுவாமல் அனுஷ்டித்துவிட்டு, விளக்கு எரிகிறதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கையில், மின்சாரப் பிரிவின் தலைவியான சிறுமி, “அங்கிள், அந்த ப்ளக் பாயின்ட்ல ட்ரில் சார்ஜ் போடணும், எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டபடியே எடுத்தும் விடுவாள். மீண்டும் முதலிலிருந்து.

விலாசம் கொடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் வீடுகளில் கல்யாணத்துக்கு வந்த புதியவரிடம் குலமும் கோத்திரமும் விசாரித்துத் தெளிந்த பிறகே பந்தியில் உட்கார வைப்பார்களே, அந்தச் சட்டம்தான் இங்கும். ஒரு குழுவின் எண் 1234 என்று வைத்துக்கொண்டால், ரேடியோவின் விலாசம் 10.12.34.1, யந்திரத்தின் மூளைக்கு 10.12.34.2; ஓட்டுநரின் கணினிக்கு 10.12.34.5. நடுவிலுள்ள இரண்டு எண்களைப் பார்த்த மாத்திரத்தில் எவன் எந்தக் குலத்தைச் சேர்ந்தவன் என்று தெரிந்துவிடும். குலம் மாறி அடுத்த குழுவின் ஓட்டுநருக்குக் கீழ்ப்படிய யந்திரம் நினைத்தாலும் நடவாது.

பள்ளியில் இருக்கும்வரை அந்நாளைய ரேடியோ சுயேச்சையானது. தன் பெயரில் தானே வைஃபை பரப்பிக்கொண்டு, மடிக்கணினியோடு நேராகச் சம்பாஷணை செய்யும். போட்டிக்குப் போனால் அந்த சுதந்திரம் பறிபோகும். அங்கே ஒரு மேஜைக்கு முன் வரிசையில் நின்று ரேடியோவைக் கொடுத்தால், களத்தின் ரகசியக் குறியை அதில் ஏற்றித் தருவார்கள். அதற்கப்புறம் அது களத்தைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராது. கொட்டகையில் வைஃபை பரப்புவது குற்றமாகையால், பிள்ளைகள் யந்திரத்தை நீண்ட நீல வயரில் கட்டித்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். போட்டி முடிந்து ஊர் திரும்பிய பின்பும் ரேடியோ அந்தக் களத்தையே நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கும். நான் போய் மறுபடி சடங்கு செய்து அதன் மனத்தை மாற்றும் வரை, ‘யந்திரம் செத்துவிட்டது’ என்று பட்டறையில் துக்கம் அனுஷ்டிப்பார்கள்.

அவ்வாண்டுப் பந்தயத்தில் ஓர் ஆட்டம் மொத்தம் இரண்டரை நிமிஷம். முதல் 15 வினாடி யந்திரம் தன் புத்தியாலேயே ஓடும். மிச்சம் ஓட்டுநரின் கையில். ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டார்கள் நின்றுவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. நியாயமான விதிதான், 120 ராத்தல் அலுமினியம் தன்னிச்சையாக நடுவரை நோக்கி ஓடிவருவதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் ரேடியோவின் மின்சாரப் பிளக் ஒரு மோதலில் கணநேரம் நழுவி மறுபடி ஒட்டிக்கொண்டாலும், அது துயில் நீங்கி எழுந்து, தன்னைத் தானே அறிந்துகொண்டு, களத்தோடு கைகோக்க ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாக ஆகிவிடும். எங்கள் யந்திரமும் ஓர் ஆட்டத்தில் அப்படி நின்றுவிட, அந்த ஒரு நிமிஷம் எங்கள் குழுவின் பெற்றோர் பக்கத்தில் எழுந்த நிசப்தத்தை நான் வேறெந்த சபையிலும் கேட்டதில்லை.

நின்றுபோன யந்திரத்தின் சொந்தக்காரர்கள் உடனே சொல்வது, “களத்தின் கோளாறு” என்பதுதான். இந்த சந்தேகத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 2012-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகப் பந்தயத்தில், ‘ஐன்ஸ்டீன்’ என்று பெயர் சூட்டப்பட்ட இறுதிக் களத்தில் யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்தம்பித்து நின்றன. விசாரித்துப் பார்த்ததில், ஒருவர் கைபேசியைக் கொண்டு வேண்டுமென்றே சில யந்திரங்களின் வைஃபைத் தொடர்பைக் கெடுத்தது தெரியவந்தது. அன்றுமுதல், தங்கள் யந்திரம் நின்றால் பார்வையாளரில் யாரோ கைபேசியோடு சதி செய்கிறார் என்று நம்ப எல்லோருக்கும் ஆதாரம் கிடைத்துவிட்டது. அதே விசாரணையில், வேறு சில இடையூறுகளுக்கு யந்திரங்களுக்குள்ளேயே காரணம் இருந்ததும் வெளிவந்தது. அந்தப் பாகத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

எங்கள் பிள்ளைகளும் மேற்படி ஆதாரத்தோடு களத்து அதிகாரியிடம் முறையிடச் சென்றார்கள். அவர் மகா பொறுமைசாலி. ஊதியமின்றி உழைக்கும் தொண்டர். கணினியில் பதிவாகியிருந்த குறிப்பைத் திருப்பிக் காட்டி, ரேடியோவுக்கு மின்சாரமே போகவில்லை என்பதை, ஒருவர் மனமும் கோணாதபடி எடுத்துச் சொன்னார். யந்திரத்தைத் திறந்து பார்த்தோம். கை செய்யும் பிரிவினர், தங்கள் கைக்கு இடம் போதவில்லை என்று முந்தின இரவு யாரிடமும் சொல்லாமல் ரேடியோவை இடம் பெயர்த்து, பாட்டரிக்குப் பின்னால் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு இடையில் திணித்திருந்தார்கள். பிளக் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகையால், இவ்வாண்டு ரோபோக் குழுவில் பிள்ளையைச் சேர்த்து, தாமும் மென்டராகப் போகிற வாசகர்களுக்கு என் விண்ணப்பம் இது: ரேடியோவுக்குரிய இடத்தை முதல் வாரத்திலேயே, உலோகத்துக்கு வெளியே, உயரத்தில், எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிளக்கைச் சூட்டுப் பசையால் ஒட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டையும் போட்டு இறுக்குங்கள். கை செய்யும் பிரிவினர் அதன் பக்கத்தில் வந்து இடத்தை அளக்கத் தொடங்கினால், மரியாதை பாராமல் டேப்பைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.