பள்ளிகொண்ட சட்டத்துக்கு ஒரு பல்லாண்டு

1961-ஆம் ஆண்டில் பாரத நாடாளுமன்றத்தில் திருஅவதாரம் செய்தருளிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்னும் மாமன்னருக்கு முதற்கண் அடியேனின் தண்டம். என்ன கருணை, என்ன கருணை! வண்டி ஓட்டுபவர் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் உழைத்தால் போதும். 5 மணி நேரத்துக்கு மேல் வேலை நீளுமானால் நடுவில் அரைமணி ஓய்வு வேண்டும். ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் இடையறாத 9 மணி நேரம் இளைப்பாற வேண்டும் என்று முத்துமுத்தாக மொழிந்தருளினார். மொழிந்த களைப்பு தாளாமல் உடனே பள்ளிகொண்டார். நாட்டின் லாரி டிரைவர்களுக்குச் சேர வேண்டிய உறக்கம் முழுவதையும் அன்றுதொட்டுத் தாம் ஒருவராகவே உறங்கித் தீர்த்தார். குடிகளின் துயரைத் தன் துயராகக் கொண்ட மன்னர்கள் இத்தமிழ் மண்ணில் பலருண்டு. குடிகளின் தூக்கத்தையே தன் தூக்கமாகக் கொண்டவர் இவரன்றி வேறு யார்?

அவருடைய மண்டபத்து வாசலின் தாட்சண்யம் தனியாகப் போற்றத்தக்கது. 5 தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனங்களை உள்ளே அழைத்துத் தொந்தரவு செய்வதில்லை என்பது அவர் கொள்கையாக இருந்தது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பைனான்ஸில் ஒரு வண்டியோ இரண்டு வண்டியோ எடுத்து ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் வேலை செய்பவர்கள் அந்த மண்டபத்துக்கு வெளியேதான்; விடிய விடிய ஓட்டும் சுதந்திரம் நடைமுறையில் பூரணமாக உண்டு. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அரியணை ஏறியபோது பழைய மன்னர் அதனுள் ஐக்கியமானார். வாசலில் பொறித்திருந்த 5 என்ற எண், பெருந்தன்மையோடு 10 ஆயிற்று. வெளியே நின்று சுதந்திரம் அனுபவிப்போரின் கூட்டம் பெருகிற்று என்று சொல்லவும் வேண்டுமோ!

2018-ஆம் ஆண்டின் அருட்செயலைப் பாட ஒரு நாவு போதாது. நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று அதுவரை ஒரு சங்கடமான விதி இருந்தது. ஊருக்கெல்லாம் சுமை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் படுத்துக்கொண்டே ஒருவர் வருவது எவ்வளவு அலங்கோலம்! அந்த இரண்டாமவரை விதியிலிருந்து நீக்கி, முதலாமவரின் தனிமைக்கு எவ்வித இடையூறும் வராமல் காத்தார்கள். அதே ஆண்டில் லாரிகள் ஏற்றும் அச்சுச்சுமையின் உச்சவரம்பையும் 20 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தினார்கள். சுமையைக் கூட்டி, சுமப்பவரைக் குறைத்து, இரண்டையும் ஒரே வருடத்தில் முடித்துத் தந்த நிர்வாகத் திறனை எந்த நாட்டு மந்திரிசபையில் காண முடியும்?

சம்பள முறையின் நுட்பத்தை ஆக்கியோரும் வாழ்க. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா. ஓடினால் காசு, உறங்கினால் இல்லை. இமைகளைத் திறந்தே வைத்திருக்க இதைவிடச் சிறந்த அஞ்சனம் எந்தச் சித்த வைத்தியரும் கண்டதில்லை. ஆலை வாசலில் லோடு இறக்க வரிசையில் நின்று, வெயிலில் கொதிக்கும் கேபினுக்குள் ஒரு பகலைக் கழிப்பதை ஓய்வென்றே கணக்கில் எழுதிக்கொள்ளும் முதலாளிமாரின் தத்துவ ஞானமும் போற்றத்தக்கதே. "பகலெல்லாம் சும்மாத்தானப்பா கெடந்தே, இப்ப எடு வண்டிய" என்னும் அந்த ஒற்றை வாக்கியத்தில் உபநிடதங்கள் அடங்கியிருக்கின்றன.

ஐரோப்பியரை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. அங்கே நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டுமாம். அதைக் கண்காணிக்க வண்டிக்குள்ளேயே டேக்கோகிராப் என்றொரு கருவி இருந்து நிமிடம் நிமிடமாகப் பதிந்து வைக்குமாம். மனிதனை நம்பாமல் மெஷினை நம்பும் ஏழைகள்! நாமோ டிரைவரின் சொல்லை நம்புகிறோம். அவர் "தூங்கிட்டுத்தாங்க வந்தேன்" என்றால் அதுவே ஆவணம். தொடர்ந்து 4 மணி நேரத்துக்குமேல் ஓட்டக்கூடாதென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979-இல் ஓர் உடன்படிக்கை எழுதி நீட்டியது. அதில் ஒப்புதல் கையெழுத்திடாமல் நாம் காத்துவரும் கண்ணியம் இன்றளவும் கெடவில்லை.

இனி, தமிழகத்து நெடுஞ்சாலைகளில் நள்ளிரவுக்குப் பின் நடக்கும் அந்தத் திருமஞ்சனக் காட்சி. பின்னிரவில் காவலர்கள் கைகாட்டி வண்டிகளை ஓரங்கட்டுகிறார்கள். டிரைவரை மரியாதையோடு இறக்கி, முகம் கழுவத் தண்ணீர் தந்து, சூடாக ஒரு டீயும் கொடுத்து, "பாத்துப் போங்கண்ணே" என்று வழியனுப்புகிறார்கள். அரசின் சார்பில் ஓட்டுநரிடம் அன்பாகப் பேசிய ஒரே ஜீவன் அந்தக் காவலர் என்பதால் அவர்மேல் எனக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையின் மேன்மையை உலகம் இன்னும் உணரவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் பாராளுமன்றம் தருவதாகச் சொன்ன 9 மணி நேரத்தை ஒரு செம்புத் தண்ணீராகச் சுருக்கிக் கொடுத்துவிட்டார்களே! கடலைக் குறுமுனி உள்ளங்கையில் அடக்கிய கதையெல்லாம் இதற்குமுன் எம்மாத்திரம்? முகத்தின் ஈரம் காய எத்தனை கிலோமீட்டர் ஆகும் என்று கேட்பவர்கள் விஞ்ஞான விரோதிகள்.

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி அவர்கள், விமானிகளுக்கு இருப்பதுபோல் லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும், கண்ணயர்வதைக் கண்டுபிடிக்கும் சென்சார் பொருத்த வேண்டும் என்று 2021-இல் திருவாய்மலர்ந்தார். 60 ஆண்டுகளுக்கு முன்பே நிர்ணயித்துவிட்ட ஒன்றைப் புத்தம்புதுச் சிந்தனையாகக் கேட்கும் பாக்கியம் அன்று நமக்கு வாய்த்தது. நல்ல சட்டம் எவ்வளவு கேட்டாலும் பழசாவதில்லை. யாரும் தொடாமல் வைத்திருந்தால்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடே முதலிடம் பிடித்து மானங்காத்தது. அமைச்சகத்தின் அறிக்கையில் விதிமீறல் அட்டவணையைப் பாருங்கள்: அதிவேகம், மதுபோதை, தவறான பக்கம், சிவப்பு விளக்கு, செல்போன். தூக்கத்துக்குக் கட்டமே இல்லை. அது 'மற்றவை' என்ற பெருங்கூட்டத்தில் அடக்கமாக ஒதுங்கி நிற்கிறது. எண்ணாததை ஒழிக்கத் தேவையில்லை என்னும் இந்தக் கணித மேதைமைக்குப் பட்டுப்பீதாம்பரம் போர்த்தலாம்.

வண்டி கவிழ்ந்தபின் நம் நீதி தூங்குவதில்லை. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்ற மங்கள வாசகத்தோடு வழக்குப் பதிவாகிறது. உயிர்ப்பலி இருந்தால், பிழைத்துக்கிடக்கும் டிரைவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறை தருகிறது. நாளெல்லாம் ஓட்டிக் களைத்தவரை மீண்டும் வண்டியேற்றிய முதலாளிக்கு, நமது மாமன்னர் ஆண்ட காலமெல்லாம், 3 மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ உண்டென்று எழுதியிருந்தது. டீசல் நிரப்பும் காசில் அது சில்லறை.