தண்ணி லாரியும் பறக்கும் தட்டும்

கேள்வி: விஞ்ஞானக் கதை என்றால் எனக்கு உயிர். அம்மாவோ, "பறக்கும் தட்டு இருக்கட்டும்டா, தண்ணி லாரி எப்ப வரும்னு பாரு" என்கிறார். நம் பேட்டைக்கும் விஞ்ஞானக் கதைக்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகர், மர்பி டவுன், பெங்களூரு.

பதில்: அம்மா கேட்பதே முதல்தரமான விஞ்ஞானக் கதைதான்! உங்கள் ஊருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. அதுவும் இறங்கி அல்ல, கிட்டத்தட்ட 500 மீட்டர் ஏறி. ஒருநாள் பம்புகள் நின்றால் யார் வீட்டுக் குழாய் முதலில் வறளும், யார் வீட்டுக்கு லாரி முதலில் போகும்? எழுதுங்கள். செவ்வாய்க் கிரகம் காத்திருக்கும்.

தமிழில் விஞ்ஞானக் கதைக்குப் பாதை போட்ட எழுத்தாளர் சுஜாதா, ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர். அவருடைய 'என் இனிய இயந்திரா' நாவலில் ஜீனோ என்ற இயந்திர நாயை எல்லோரும் கொஞ்சுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, குழந்தை பெற அரசிடம் அனுமதி வாங்கும் நிலா என்ற பெண்தான். கருவி யார் கையில் என்று கேட்காத விஞ்ஞானக் கதை வெறும் வாணவேடிக்கை.

அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு போங்கள். அம்மாவுக்கும் ஒரு புத்தகம் எடுத்து வாருங்கள். லாரிக்குக் காத்திருக்கும்போது படிக்கட்டும்.