ஆம்பெக் முன்பு போல இல்லை

பேஸ் கிதார்க்காரர்கள் இருவர் சந்தித்தால் கொஞ்ச நேரத்தில், ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) தயாரிக்கும் ஆம்பெக் கம்பெனியைப் பற்றி இந்தப் புலம்பல் வந்துவிடும்: "ஆம்பெக் முன்பு போல இல்லை." அதில் இருவருக்கும் ஒற்றுமைதான். எப்போது கெட்டது என்பதில்தான் சண்டை. மாக்னவாக்ஸ் நிறுவனம் அதை வாங்கிய 1971இலா? செயின்ட் லூயிஸ் மியூசிக் கைக்குப் போன 1986இலா? தயாரிப்பு ஆசியாவுக்கு நகர்ந்தபோதா? கவனித்தால், அவரவர் தன் ஆம்ப்பை வாங்கிய மறுவருடமே சரிவு தொடங்கியிருக்கும்.

1969இல் வந்த ஆம்பெக்கின் எஸ்விடி பேஸ் ஆம்ப்பில் 300 வாட், 14 வால்வுகள். ஸ்பீக்கர் பெட்டி இல்லாமலே நாற்பது கிலோவை நெருங்கும். அதை மாடிப்படி ஏற்றியவர்களின் முதுகு இன்றும் அதன் தரத்துக்குச் சாட்சி சொல்லும். இப்போதோ ஒரு கையில் தூக்கிப் போகும் கிளாஸ் டி ஆம்ப் வந்தாயிற்று. இடுப்பு வலிக்காத ஆம்ப்பில் ஒலி எப்படி உருப்படும்?

நிறுவனர் எவரெட் ஹல்லுக்கோ ராக் இசையே ஆகாது. ஜாஸ்காரர், ஒலி துளியும் சிதறக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். "பழைய ஆம்பெக்" என்று ரசிகர்கள் உருகுவது பெரும்பாலும் அந்தச் சிதறலுக்காக. எஸ்விடி பிறந்ததே அவர் கம்பெனியை விற்றுவிட்டுப் போன பிறகு. அவரைக் கேட்டிருந்தால் 1969ஐத்தான் கைகாட்டியிருப்பார்.