அட்லாண்டிக்கைக் கேட்காமல் எழுதிய கால அட்டவணை

பெறுநர்: ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கல்வியாண்டு நாட்காட்டியை வகுக்கும் மாண்புமிகு குழுவினர்

பொருள்: விடுமுறையை அலை வரும் மாதங்களுக்கு மாற்றக் கோருதல் – தொடர்பாக



ஐரோப்பாவின் மேற்குக் கரையில் அலைச்சறுக்குக்கு ஏற்ற அலைகள் செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை வருகின்றன. அந்த மாதங்களில் வட அட்லாண்டிக்கில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் கடலைக் கிளறிவிட, கிளம்பிய அலைகள் சில நாள் பயணித்து, வழியிலேயே வரிசை பிடித்து, போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ், அயர்லாந்து கரைகளை அடைகின்றன. கோடையில் அசோர்ஸ் தீவுகளையொட்டிய உயர் அழுத்தம் கடல்மேல் கால் நீட்டிப் படுத்துக்கொள்கிறது. புயல்கள் வடக்கே ஒதுங்குகின்றன. பல நாட்களில் அலை முழங்காலைத் தாண்டுவதில்லை. மாணவருக்கு நீண்ட விடுமுறை அப்போதுதான் வழங்கப்படுகிறது. இவ்வளவு துல்லியமான பொருத்தம் தற்செயலாக அமையாது. குழுவினரின் உழைப்பு பாராட்டத்தக்கது.

ஆகஸ்டில் பலகையோடு புறப்படும் மாணவரின் நிலை பின்வருமாறு. மலிவுவிலை விமானத்தில் அவருடைய இருக்கையைவிடப் பலகைக்குக் கட்டணம் அதிகமாக இருப்பதுண்டு. பிரான்ஸின் பியாரிட்ஸில் தங்குமிட வாடகை உச்சத்தில் இருக்கும். நீந்துவோருக்குக் கொடி நட்டு ஒதுக்கிய பகுதிக்குள் பலகை நுழையக் கூடாது. எஞ்சிய இடத்தில் பயிற்சிப் பள்ளிகளின் பலகைகள் நெருக்கியடிக்கும். 1957இல் ஹெமிங்வே நாவலின் படப்பிடிப்புக்காக இங்கு வந்த திரைக்கதையாசிரியர் பீட்டர் வியர்டெல்தான் கலிபோர்னியாப் பலகையோடு இந்த விளையாட்டை ஊருக்கு அறிமுகப்படுத்தினார். அவர் சம்பளத்தோடு வந்தவர். மதிப்பெண் கவலை இல்லாதவர்.

வடக்கே ஒசெகோரில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்குவதால், அலை வேகம் குறையாமல் வந்து மணல்திட்டில் இடிக்கிறது. அலைச்சறுக்கு உலகப் போட்டி பல ஆண்டுகள் அங்கே அக்டோபரில் நடந்தது. போர்ச்சுகலின் பெனிஷேயில் 2022 முதல் 2025 வரை மார்ச்சில் நடந்தது. போட்டி நடத்துவோர் நாட்காட்டி எழுதுமுன் கடலைக் கேட்கிறார்கள்.

கேட்காமல் முடிவெடுத்தால் என்னாகும் என்பதற்கு முன்னுதாரணம் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ளது. முண்டாகாவின் புகழ்பெற்ற இடப்பக்க அலை, ஆற்றுமுகத்தில் படியும் மணல்திட்டின் கொடை. 2003இல் கப்பல்கட்டும் தளத்துக்காக ஆற்றுமுகம் தூர்வாரப்பட்டது, மணல் இடம்பெயர்ந்தது, அலை காணாமல் போனது. 2005இல் அங்கு நடக்கவிருந்த அலைச்சறுக்குப் போட்டியே ரத்தானது. பிறகு மணல் தானாகப் படிந்து அலை திரும்பியது. எந்த அதிகாரியின் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

போர்ச்சுகலின் நசாரே தனியாகக் குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழம்வரை இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு அதன் கரையருகே முடிகிறது. ஆழத்தின் மேல் வரும் அலை வேகமாக ஓட, பக்கத்தில் ஆழம் குறைந்த தரைமேல் வரும் அலை தளர, இரண்டும் பிரையா டூ நோர்டே கடற்கரைக்கு முன்னால் சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. 2020 அக்டோபர் 29 அன்று ஜெர்மானியரான செபாஸ்டியன் ஷ்டாய்ட்னர் அங்கே 26.21 மீட்டர் அலையில் சறுக்கியது கின்னஸ் சாதனையாக ஏற்கப்பட்டது. அன்று வியாழக்கிழமை. பல்கலைக்கழகங்களில், இணையவழியிலேனும், வகுப்பு நடந்த நாள். ஆகஸ்டில் அதே ஊருக்கு வரும் மாணவர் கலங்கரை விளக்கத்தருகே நின்று, அலை எழும் இடத்தைப் பார்த்துவிட்டு, வறுத்த மத்தி சாப்பிட்டுத் திரும்பலாம்.

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வகுப்பின்றி விடுகின்றன என்பதை மறைக்க இயலாது. அந்நாட்டுக்கு அட்லாண்டிக் கரை இல்லை.

ஐரோப்பிய உயர்கல்வியை ஒரே சீராக்கும் பிரகடனம் 1999இல் போலோன்யாவில் கையெழுத்தானது. அந்த ஊரும் கடலோரத்தில் இல்லை. அந்த முறைப்படி ஓராண்டுப் படிப்பு 60 அலகுகள். ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. குளிர்ந்த நீரில் வெட்சூட்டோடு அலைக்காகக் காத்திருக்கும் நேரமும் உழைப்பே எனினும், அதற்கு அலகு கோரப்படவில்லை.

கோரப்படுவது அக்டோபரில் மூன்று வாரம் மட்டுமே. அதற்கு ஈடாக ஆகஸ்டில் மூன்று வாரம் வகுப்பு நடத்திக்கொள்ளலாம். கடல் தரப்பில் ஆட்சேபணை எழாது. இது இயலாதெனில், வட அட்லாண்டிக் தாழ்வழுத்தங்களை ஜூலைக்கு மாற்றி ஆணையிடும் அதிகாரம் எந்தத் துறைக்கு உண்டோ, அத்துறைக்கு இக்கடிதத்தை உரிய வழியில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.